பிட்ஸ் மாத்திரை கண்ணைக் கெடுக்குமா? விழித்திரையை உண்மையில் தொடும் மருந்து எது?

வலிப்பு நோய்க்கு ஆண்டுக்கணக்கில் மருந்து சாப்பிடுகிறவர் இருக்கும் வீட்டில் இந்தக் கேள்வி ஒருநாள் வந்தே தீரும். "இவ்வளவு வருஷமா பிட்ஸ் மாத்திரை போடுறானே, கண்ணுக்கு ஒண்ணும் ஆகாதா?" கேட்பவர் பெரும்பாலும் அம்மாவாக இருப்பார். சில வீடுகளில் கேள்வியோடு நிற்பதில்லை. கண் மங்குகிறது என்று மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். சில நாட்களில் நிற்காத வலிப்போடு சென்னை சென்ட்ரல் எதிரே உள்ள பெரியாஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஓடிவர நேர்கிறது.

பிட்ஸ் மாத்திரை என்று ஒரே ஒரு மருந்து கிடையாது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. 1912இல் வந்த ஃபீனோபார்பிட்டாலில் தொடங்கி, 1938இல் வந்த ஃபெனிடாயின், பிறகு கார்பமசெபின், வால்ப்ரோயேட், லாமோட்ரிஜின், டோபிராமேட், லெவெடிராசெட்டம் என்று இருபதுக்கு மேற்பட்ட மருந்துகள் இந்தப் பெயருக்குள் அடங்குகின்றன. இவை மூளையில் வேலை செய்யும் வழிகள் வேறு வேறு, கண்ணைத் தொடும் வழிகளும் அப்படியே. இவற்றில் விழித்திரையை நிரந்தரமாகச் சேதப்படுத்தும் என்று ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது ஒன்றுதான். விழித்திரையில் நிறமாற்றம் உண்டாக்கிய இன்னொன்று சந்தையிலிருந்தே போய்விட்டது. மற்றவை பார்வையைத் தொந்தரவு செய்யலாம், ஆனால் அந்தத் தொந்தரவு பெரும்பாலும் விழித்திரையில் இல்லை. நம் ஊரில் பயம் எல்லா மாத்திரைகள் மேலும் சமமாகப் பரவிக் கிடக்கிறது. பயப்பட வேண்டிய ஒன்றின் பெயரோ பலருக்குத் தெரியாது.

அந்த ஒன்றின் பெயர் விகாபட்ரின். சாப்ரில் என்ற வணிகப் பெயரில் உலகம் முழுவதும் அறியப்பட்டது.

கழிவுக்குழாயை அடைக்கும் மருந்து

மூளையில் நரம்பணுக்கள் ஒன்றையொன்று தூண்டிக்கொண்டே இருந்தால் வலிப்பு வரும். அதை அடக்கி வைக்கும் வேதிப்பொருள்களில் முதன்மையானது காபா. வேலை முடிந்த காபாவைச் சிதைத்து அப்புறப்படுத்த ஒரு நொதி இருக்கிறது. விகாபட்ரின் அந்த நொதியோடு ஒட்டிக்கொண்டு அதை மீளாதபடி முடக்கிவிடும். சமையலறைத் தொட்டியின் கழிவுக்குழாயை அடைத்துவிட்டால் தண்ணீர் மட்டம் ஏறுவதுபோல மூளையில் காபா ஏறும், வலிப்பு அடங்கும். உடல் புதிதாக நொதியைத் தயாரித்தால்தான் பழைய நிலை திரும்பும், அதற்குச் சில நாட்கள் ஆகும். அதனால்தான் சில மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து பாதிக்கு மேல் வெளியேறிவிடும் இந்த மருந்தின் பலன் நாள்கணக்கில் நீடிக்கிறது.

கணக்குப் போட்டு வடிவமைக்கப்பட்ட அழகான மருந்துதான். ஆனால் காபா மூளையின் தனிச்சொத்து இல்லை. விழித்திரையும் கருவில் மூளையிலிருந்து கிளைத்த நரம்புத் திசுவே. ஒளியை வாங்கும் கூம்பணுக்கள், குச்சியணுக்கள், அவற்றிலிருந்து சேதியை வாங்கிக் கடத்தும் அணுக்கள், கடைசியில் பார்வை நரம்பாக வெளியேறும் இழைகள் என்று அடுக்கடுக்காக இருக்கும் அந்த மெல்லிய படலத்தில், குறுக்காக ஓடிச் சேதிகளைச் சீர்செய்யும் அணுக்கள் பல காபாவைக் கொண்டே பேசுகின்றன. விலங்கு ஆய்வுகளில் விகாபட்ரின் மூளையைவிட விழித்திரையில் அதிகமாகத் தேங்குவதும் தெரியவந்தது.

இந்த மருந்து பிரிட்டனில் 1989இல் விற்பனைக்கு வந்தது. பார்வைப் புலம் சுருங்கிய மூன்று நோயாளிகளைப் பற்றிய சிறிய அறிக்கை பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியானது 1997இல். இடையில் எட்டு ஆண்டுகள். ஏன் இவ்வளவு காலம்? 1980களின் தொடக்கத்தில் எலிகளுக்கும் நாய்களுக்கும் இந்த மருந்தைக் கொடுத்தபோது மூளையின் நரம்பு உறைகளுக்குள் நீர் கோத்துக்கொண்டது. அமெரிக்காவில் சோதனைகள் நிறுத்தப்பட்டன. எல்லோருடைய கவனமும் மூளைக்குப் போனது. மனிதர்களிடம் அந்த நரம்புறைப் பாதிப்பு உண்டாகிறதா என்று தேடித்தேடிப் பார்த்தார்கள், காணவில்லை என்று ஆறுதல் அடைந்தார்கள். வெள்ளெலிகளின் விழித்திரை குலைந்திருந்ததும் அதே பத்தாண்டில் பதிவாகித்தான் இருந்தது, ஆனால் அது வெள்ளெலிகளுக்கே உரிய பலவீனம் என்று தோன்றியிருக்கலாம். என்னைப் பொறுத்தவரை முக்கியக் காரணம் இன்னும் எளியது. நோயாளிகள் யாரும் வந்து 'எனக்குக் கண் தெரியவில்லை' என்று சொல்லவில்லை.

எழுத்துப் பலகை காட்டிக்கொடுக்காது

ஒரு கண்ணால் நேராகப் பார்க்கும்போது மூக்குப் பக்கம் சுமார் 60 பாகையும், காதுப் பக்கம் 90 பாகைக்கு மேலும் தெரியும். இந்தப் பரப்புதான் பார்வைப் புலம். நாம் எழுத்து வாசிப்பதும் முகம் அடையாளம் காண்பதும் அதன் நட்டநடுவில் உள்ள சில பாகைகளுக்குள். விகாபட்ரின் பாதிப்பு இரண்டு கண்ணிலும் சம அளவில், மூக்குப் பக்க ஓரத்தில் தொடங்கி வளையமாக உள்ளே நெருங்கும். நடுப்பகுதி கடைசிவரை தப்பிக்கும். கண் மருத்துவமனையில் ஆறு மீட்டர் தள்ளி வைத்த எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை படித்துவிட்டு, கண்ணாடிகூடத் தேவையில்லை என்ற சீட்டோடு வீடு திரும்பும் ஒருவருக்குப் பார்வைப் புலத்தில் கால்பங்கு போயிருக்க முடியும்.

அவருக்கே ஏன் தெரிவதில்லை? ஒரு கண்ணின் மூக்குப் பக்க ஓரம் இழக்கப்பட்டால் அந்த இடத்தை மற்றக் கண்ணின் காதுப் பக்கம் ஈடுகட்டிவிடும். அதோடு, மூளை இல்லாத இடத்தைக் கறுப்பாகக் காட்டாது, இட்டு நிரப்பிவிடும். இந்த ஏமாற்று வேலை விகாபட்ரினுக்கு மட்டும் உரியதல்ல. கண் அழுத்த நோயிலும் (கிளாக்கோமா) புலம் இப்படித்தான் சத்தமில்லாமல் போகும். 2000களில் சங்கர நேத்ராலயா நடத்திய சென்னை கண் அழுத்த நோய் ஆய்வில், நோய் இருந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் தங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கண் மருத்துவமனைகளுக்குக் குறைவில்லாத ஒரு மாநகரத்தின் நிலை இது. அப்படியிருக்க, பிட்ஸ் மாத்திரை சாப்பிடுகிறவர் ஓரப்பார்வை குறைவதைத் தானே கண்டுபிடித்து வந்து சொல்வார் என்று காத்திருப்பதில் பொருளில்லை.

வீட்டில் இருப்பவர்கள் கவனித்தால் சில தடயங்கள் கிடைக்கும். கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வது, பக்கத்தில் வைத்த டம்ளரைத் தட்டிவிடுவது, பக்கவாட்டில் வந்து கூப்பிட்டால் தூக்கிவாரிப் போடுவது, கீழே விழுந்த சாவியைத் தேடித் தடுமாறுவது. பூந்தமல்லி நெடுஞ்சாலையைக் கடக்கும்போது இடப்பக்கம் தவறான திசையில் வரும் பைக் அவர் கண்ணில் படாமல் போவது. ஆனால் இவையெல்லாம் தெரியத் தொடங்கும்போது சேதம் நிறையவே நடந்திருக்கும். போன புலம் திரும்பாது. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் அதற்குமேல் போகாமல் நிற்கும், அவ்வளவுதான்.

எத்தனை பேருக்கு என்று கேட்டால், தொடர்ந்து சாப்பிடும் பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு அல்லது அதற்கும் மேல். மருந்து தொடங்கிய சில வாரங்களிலும் வரலாம், பல ஆண்டுகள் கழித்தும் வரலாம். மொத்தமாக உட்கொண்ட அளவும் காலமும் கூடக்கூட ஆபத்து கூடும், ஆனால் இந்த அளவுக்குக் கீழே பத்திரம் என்று சொல்லத்தக்க எல்லை எதுவும் கிடையாது. 1999இல் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டாளர்கள் இதை வேறு மருந்து பலிக்காதவர்களுக்கும் ஒரு குறிப்பிட்ட குழந்தை நோய்க்கும் மட்டும் என்று சுருக்கினார்கள். அமெரிக்கா 2009இல்தான் அனுமதித்தது. அதுவும் நிரந்தரப் பார்வை இழப்பு குறித்த கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கையோடு.

டாரினும் வெளிச்சமும்

விழித்திரை எப்படிச் சாகிறது என்பதற்கு முதலில் சொல்லப்பட்ட விளக்கம் காபாவின் மிகுதிதான். ஆனால் 2009இல் பாரிஸ் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரை கதையைத் திருப்பியது. விகாபட்ரின் கொடுத்த எலிகளின் ரத்தத்தில் டாரின் என்ற அமினோ அமிலம் வெகுவாகக் குறைந்திருந்தது. டாரினைத் தனியாக ஊட்டியபோது விழித்திரைச் சேதம் குறைந்தது. இருட்டில் வளர்த்த எலிகளிடம் சேதம் பெரிதாக இல்லை, வெளிச்சத்தில் வளர்த்தவற்றிடம்தான் இருந்தது. மருந்து வாங்கிக்கொண்டிருந்த சில கைக்குழந்தைகளின் ரத்தத்திலும் டாரின் குறைந்திருந்ததை அதே கட்டுரை காட்டியது.

டாரினுக்கும் விழித்திரைக்கும் உள்ள உறவு புதிதல்ல. பூனைகளால் போதிய டாரினை உடலில் தயாரித்துக்கொள்ள முடியாது. டாரின் இல்லாத தீவனம் தின்ற பூனைகளின் விழித்திரை அழிவதை 1975லேயே காட்டிவிட்டார்கள். இன்று விற்கும் பூனைத் தீவனத்தில் டாரின் சேர்க்கப்படுவது அந்தப் பாடத்தால்தான். மனிதர்களுக்கு மீன், இறைச்சி, தாய்ப்பால் ஆகியவற்றில் கிடைக்கிறது, உடலும் கொஞ்சம் தயாரிக்கிறது. தாவர உணவில் அநேகமாக இல்லை.

இதைப் படித்ததும் டாரின் மாத்திரை வாங்கத் தோன்றும். இணையத்தில் விற்கிறார்கள், எனர்ஜி டிரிங்க் டப்பாக்களிலும் அந்தப் பெயர் இருக்கிறது. ஆனால் விகாபட்ரின் சாப்பிடும் மனிதர்களுக்கு டாரின் கொடுத்தால் பார்வை காக்கப்படும் என்பது நிரூபிக்கப்படவில்லை. எலியிடம் பலித்தது மனிதரிடம் பலிக்காமல் போன கதைகள் மருத்துவத்தில் ஏராளம். புலச் சோதனையைத் தள்ளிப்போட டாரின் ஒரு சாக்காகிவிடக் கூடாது என்பதே என் கவலை.

அப்படியானால் ஏன் இன்னும் கொடுக்கிறார்கள்?

இந்த மருந்துக்கு மாற்றுக் குறைவாக உள்ள ஒரு நோய் இருக்கிறது. நான்கு மாதக் குழந்தை, தூங்கி எழுந்ததும் தலையைக் கவிழ்த்து, கைகளை விரித்து, வணக்கம் சொல்வதுபோல் மடங்கும். சில நொடி இடைவெளியில் மீண்டும் மீண்டும், வரிசையாக. வயிற்று வலி என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்து நாட்களைக் கடத்துகிற வீடுகள் உண்டு. இது வெஸ்ட் நோய். 1841இல் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற ஆங்கில மருத்துவர் தன் சொந்த மகனுக்கு வந்ததைப் பார்த்து லான்செட் இதழுக்குக் கடிதம் எழுதியதால் அந்தப் பெயர். சலாம் வலிப்பு என்ற பழைய பெயரும் உண்டு. நம் நாட்டில் பிரசவ நேரத்து மூச்சுத்திணறலும் பிறந்த முதல் நாட்களில் ரத்தச் சர்க்கரை குறைவதும் இதற்குப் பெரிய காரணங்கள். வலிப்பு நிற்காத ஒவ்வொரு வாரமும் குழந்தையின் அறிவு வளர்ச்சி பின்னுக்குப் போகும். சிரித்த குழந்தை சிரிப்பை மறக்கும்.

ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோன் ஊசி, வாய்வழி ஸ்டீராய்டு, விகாபட்ரின் என்று மூன்றே முக்கிய ஆயுதங்கள். டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற மரபு நோயால் வந்த வெஸ்ட் நோய்க்கு விகாபட்ரின்தான் முதல் தேர்வு. மற்றவை நெருங்க முடியாத அளவுக்குப் பலன் தருகிறது. இங்கே மூளையா, ஓரப்பார்வையா என்ற தராசு உண்மையானது. பெரும்பாலான மருத்துவர்கள் மூளையைத் தேர்வார்கள், பெற்றோரும் அப்படியே. அது சரியான முடிவு என்றே நானும் நினைக்கிறேன்.

ஆனால் தேர்வு அதோடு முடிவதில்லை, எவ்வளவு காலம் கொடுப்பது என்ற கேள்வி நிற்கிறது. டொரொன்டோவில் 146 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2014இல் வெளியான ஆய்வில், ஆறு மாதச் சிகிச்சையில் சுமார் 5 சதவீதக் குழந்தைகளிடமும் ஓராண்டில் சுமார் 13 சதவீதக் குழந்தைகளிடமும் விழித்திரைப் பாதிப்பு தெரிந்தது. முடிந்தால் ஆறு மாதத்தில் நிறுத்திவிடுவது என்ற வழக்கத்துக்கு இது பலம் சேர்த்தது. பலன் உண்டா இல்லையா என்பது குழந்தைகளிடம் 2 முதல் 4 வாரத்தில் தெரிந்துவிடும். பெரியவர்களுக்கு 3 மாதம். அதற்குள் பலிக்கவில்லை என்றால் தொடர்வதில் கண்ணுக்கு நட்டமே தவிர லாபம் இல்லை. ஆபத்தான நோயாளி யார் என்று என்னைக் கேட்டால், மருந்து பலித்து வலிப்பு நின்றபின், யாரும் மறு யோசனை செய்யாமல், அதே சீட்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் மருந்துக்கடையில் வாங்கிக்கொண்டே இருப்பவர்தான்.

சோதனை யாருடைய வேலை?

மருந்து தொடங்கிய நான்கு வாரத்துக்குள் முதல் கண் சோதனை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நிறுத்தியபின் மூன்று முதல் ஆறு மாதத்தில் ஒன்று. இது அமெரிக்க மருந்துத் தாளில் உள்ள அட்டவணை. பிரிட்டனில் இடைவெளி சற்று அதிகம். அட்டவணை எதுவானாலும், எந்தச் சோதனை என்பதில் தெளிவு வேண்டும்.

தானே புரிந்து ஒத்துழைக்கக்கூடியவர்களுக்கு ஃபீல்ட் டெஸ்ட். கிண்ணம் போன்ற கருவிக்குள் தாடையை வைத்து, நடுப்புள்ளியைப் பார்த்தபடி, எங்காவது வெளிச்சப் புள்ளி மின்னினால் பொத்தானை அழுத்த வேண்டும். கண் அழுத்த நோய்க்காக அன்றாடம் செய்யப்படுவது பெரும்பாலும் நடுவிலிருந்து 24 அல்லது 30 பாகைக்குள் மட்டும் பார்ப்பது. விகாபட்ரின் பாதிப்பு அதற்கு வெளியே தொடங்கக்கூடியது என்பதால் 60 பாகைவரை பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அந்த ஒரு வரி சீட்டில் இல்லாவிட்டால் வழக்கமான டெஸ்ட் நடந்து, 'நார்மல்' என்று அறிக்கை வரும். பிட்ஸ் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தூக்கக் கலக்கம் சகஜம். கலக்கத்தில் பொத்தானை அழுத்தத் தவறினால் இல்லாத பாதிப்பும் இருப்பதுபோல் வரும். நன்றாகத் தூங்கி எழுந்த நாளில், காலை நேரத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ஒருமுறை மோசமாக வந்ததை மறுமுறை செய்யாமல் நம்பவும் கூடாது.

கைக்குழந்தையிடம் பொத்தானை அழுத்தச் சொல்ல முடியாது. அங்கே ஈ.ஆர்.ஜி. கண்ணில் ஒளியைப் பாய்ச்சி விழித்திரை எழுப்பும் மின்னலைகளைப் பதிவு செய்வது. வினாடிக்கு 30 முறை மினுக்கும் ஒளிக்குக் கூம்பணுக்களின் வழித்தடம் தரும் பதில் குறைவதே விகாபட்ரின் பாதிப்பைக் கண்டுகொள்ள உதவும் முக்கிய அடையாளம். தூக்க மருந்து கொடுத்துச் செய்ய வேண்டியிருக்கும். வலிப்புள்ள குழந்தையைத் தூங்கவைப்பதற்குத் தகுந்த ஏற்பாடு உள்ள இடம் தேவை. ஓ.சி.டி. ஸ்கேன் இன்னொரு துணை. பார்வை நரம்பைச் சுற்றியுள்ள இழைப்படலத்தின் தடிமனை மைக்ரான் கணக்கில் அளக்கும், வலிக்காது, சில நிமிடத்தில் முடியும். விகாபட்ரினில் மூக்குப் பக்கத்துப் படலம் முதலில் மெலியும், காதுப் பக்கம் தப்பும். நடுப்பார்வைக்கான இழைகள் காதுப் பக்கமாகவே போகின்றன என்பதால்தான் நோயாளி கடைசிவரை செய்தித்தாள் படிக்கிறார்.

சென்னையில் இந்தக் கருவிகளுக்குப் பஞ்சமில்லை. எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819இல் தொடங்கியது. லண்டன் மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்து உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனை என்று பெயர் பெற்றது. அதே எழும்பூரில்தான் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையும் இருக்கிறது. நரம்பியல் சிகிச்சைக்குப் புகழ்பெற்ற பெரியாஸ்பத்திரி அங்கிருந்து மெட்ரோவில் ஒரு நிறுத்தம். நுங்கம்பாக்கம் போனால் சங்கர நேத்ராலயா.

தூரம் இவ்வளவு குறைவாக இருந்தும் தகவல் போய்ச் சேராததுதான் பிரச்சினை. நரம்பு டாக்டர் எழுதும் சீட்டில் மருந்து இருக்கும், கண் சோதனைத் தேதி இருக்காது. கண் டாக்டர் முன்னால் உட்காரும்போது நோயாளி சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளைச் சொல்வார். பிட்ஸ் மாத்திரையைச் சொல்ல மாட்டார். கல்யாண வயதில் பெண் இருக்கும் வீட்டில் அந்தச் சொல்லை வெளியில் உச்சரிப்பதற்கே தயக்கம். மோட்டார் வாகன உரிமத்துக்கான உடல்நல உறுதிமொழிப் படிவத்தில் வலிப்பு உண்டா என்று முதலிலேயே கேட்கிறார்கள் என்பதால் ஆண்களும் மறைக்கிறார்கள். விளைவு, புலம் சுருங்கியிருப்பதைக் கண்டாலும் கண் டாக்டர் அதைக் கண் அழுத்த நோயின் ஒரு வகை என்று எண்ணிச் சொட்டு மருந்து எழுத வாய்ப்புண்டு. மருந்தின் பெயரைச் சொல்லியிருந்தால் அரை நிமிடத்தில் விளங்கியிருக்கும். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் விகாபட்ரினை எழுதும் கையே அடுத்த ஃபீல்ட் டெஸ்ட் தேதியையும் அதே சீட்டில் எழுத வேண்டும், அது கண் துறையின் வேலை என்று ஒதுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மற்ற மாத்திரைகள்

ரெடிகபின் என்றொரு மருந்து 2011இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வந்தது. நரம்பணுக்களின் பொட்டாசியக் கதவுகளைத் திறந்து வலிப்பை அடக்கும் புதுவழி. இரண்டு ஆண்டுக்குள் சிலருக்கு உதடும் நகமும் தோலும் நீலச் சாம்பல் நிறமாயின, விழித்திரையிலும் நிறத்திட்டுகள் தென்பட்டன. 2013இல் எச்சரிக்கை வந்தது, 2017இல் தயாரிப்பு நிறுவனமே மருந்தை நிறுத்திக்கொண்டது. விகாபட்ரின் கதையோடு ஒப்பிட்டால் இங்கே எச்சரிக்கை சீக்கிரம் வந்ததற்குக் காரணம் எளிது. நீல உதடு கண்ணாடியில் தெரியும், சுருங்கிய புலம் தெரியாது.

டோபிராமேட் வேறு வகை. ஒற்றைத் தலைவலிக்கும் இதைக் கொடுப்பதால் வலிப்பே இல்லாத பலர் சாப்பிடுகிறார்கள். மிகச் சிலருக்கு, பெரும்பாலும் முதல் மாதத்துக்குள், கண்ணுக்குள் வீக்கம் ஏற்பட்டு லென்ஸும் பாவையைச் சுற்றியுள்ள நிறப்படலமான ஐரிஸும் முன்னால் தள்ளப்படும். ஒரே இரவில் தூரப்பார்வை மங்கும், கண் சிவக்கும், கடும் வலியும் வாந்தியும் வரும், கண் அழுத்தம் எகிறும். இரண்டு கண்ணிலும் ஒன்றாக. விழித்திரை நடுவில் மடிப்புகள்கூடத் தெரியலாம். இது நாள்பட்ட பாதிப்பல்ல, அவசர நிலை. வழக்கமான கண் அழுத்தத் தாக்குதல் என்று லேசரில் ஓட்டை போடுவது இங்கே உதவாது, மருந்தை நிறுத்த வேண்டும், பாவையை விரிக்கும் சொட்டு போட வேண்டும். ஆகவே அவசரப் பிரிவில் முதலில் சொல்ல வேண்டிய வார்த்தை டோபிராமேட்.

நம் ஊரில் மிக அதிகம் பேர் சாப்பிடும் ஃபெனிடாயின், கார்பமசெபின் இரண்டிலும் வரும் கண் புகார் மங்கலும் இரட்டைப் பார்வையும்தான். மாத்திரை போட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் எதிரே வரும் பஸ் இரண்டாகத் தெரியும், மாலையில் சரியாகிவிடும். இது விழித்திரைக் கோளாறு இல்லை. கண்களைச் சேர்த்து அசைக்கும் சிறுமூளைப் பாதைகளில் மருந்தின் அளவு கூடிப்போனதன் அடையாளம். குறிப்பாக ஃபெனிடாயினில், கல்லீரல் சிதைக்கும் வேகத்துக்கு ஓர் உச்சம் உண்டு. அதைத் தாண்டியதும் அளவைச் சிறிது கூட்டினாலும் ரத்தத்தில் மருந்து திடீரென ஏறிவிடும். அளவைச் சரிசெய்தால் பார்வையும் சரியாகும். தானாக நிறுத்துவதுதான் தவறு. இந்த மருந்துகளை நீண்ட காலம் சாப்பிடுகிறவர்களிடம் நீலம், மஞ்சள் நிறங்களைப் பிரித்தறியும் திறன் சற்றுக் குறைவதை நுண்ணிய சோதனைகள் காட்டியிருக்கின்றன. அன்றாட வாழ்க்கையில் அது தெரிவது அரிது.

வால்ப்ரோயேட்டின் கதை வேடிக்கையானது. அது விழித்திரைக்கு நன்மை செய்யும், மாலைக்கண்ணில் தொடங்கி ஓரப்பார்வையைத் தின்னும் பரம்பரை விழித்திரை நோய்க்கு மருந்தாகும் என்றுகூட ஒரு காலத்தில் நம்பினார்கள். சிறிய அளவில் பார்த்தபோது நம்பிக்கை தந்தது. 2018இல் வெளியான முறையான ஒப்பீட்டுச் சோதனையில் அது மருந்தில்லாத போலி மாத்திரையைவிட மேலாக எதையும் செய்யவில்லை.

இன்னொரு சிக்கல். விகாபட்ரினைத் தொட்டே பார்க்காத வலிப்பு நோயாளிகளிடமும், குறிப்பாக மருந்துக்கு அடங்காத வலிப்பு உள்ளவர்களிடம், ஓ.சி.டி. ஸ்கேனில் இழைப்படலம் சற்று மெலிந்திருப்பது காணப்பட்டிருக்கிறது. மருந்தா, நோயா, இரண்டும் சேர்ந்தா என்று பிரிப்பது கடினம். எனவே ஓ.சி.டி. அறிக்கையில் 'மெலிந்துள்ளது' என்ற சொல்லைப் பார்த்ததும் கையில் இருக்கும் மாத்திரை அட்டையின் மேல் பழி போட வேண்டாம். தொடக்கத்திலேயே எடுத்து வைத்த ஸ்கேன் இருந்தால்தான் இரண்டையும் ஒப்பிட முடியும்.

விழித்திரையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தால் மறந்துபோகும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கார்பமசெபின், ஃபெனிடாயின், லாமோட்ரிஜின் போன்றவை மிகச் சிலருக்கு ஸ்டீவன்ஸ் ஜான்சன் ஒவ்வாமையைத் தூண்டும். காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு, தோலில் கொப்புளம். பெரும்பாலும் முதல் இரண்டு மாதத்துக்குள். விழித்திரை நன்றாக இருக்கக் கருவிழி வெளுத்து மூடிப்போகும். அப்படிப் பார்வை இழந்த சிலருக்கு நோயாளியின் சொந்தப் பல்லைப் பயன்படுத்திச் செயற்கைக் கருவிழி பொருத்தும் அரிய அறுவை சிகிச்சை சென்னையில் செய்யப்படுகிறது. அந்த அளவுக்குப் போகாமல் இருக்க, புது மாத்திரை தொடங்கிய வாரங்களில் வாய்ப்புண்ணோடு கண் சிவந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒருவகையில் பார்த்தால், வருஷக்கணக்கில் சாப்பிட்ட பழைய மாத்திரையைவிட நேற்று தொடங்கிய புது மாத்திரையே கண்ணுக்கு அதிகக் கவனம் கேட்கிறது.

இப்போது விகாபட்ரின் சாப்பிடும் குழந்தையோ பெரியவரோ வீட்டில் இருந்தால் செய்யக்கூடியது இது. தொடங்கிய தேதியையும் ஒருநாள் அளவையும் ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். கடைசி கண் சோதனை எப்போது, அது ஃபீல்ட் டெஸ்டா ஈ.ஆர்.ஜி.யா என்பதும் அதன் கீழே இருக்கட்டும். அடுத்த முறை நரம்பு டாக்டரிடம் போகும்போது, இன்னும் எத்தனை மாதம் தொடர வேண்டும் என்று நேராகக் கேளுங்கள். மருந்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தச் சொன்னால், நிறுத்திய மூன்று முதல் ஆறு மாதத்தில் ஒரு கண் சோதனைக்கும் அன்றே தேதி வாங்கிவிடுங்கள். அந்தக் கடைசிச் சோதனைதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது, ஏனென்றால் மாத்திரை நின்ற வீட்டில் மருத்துவமனைக்குப் போக வேறு காரணம் இருப்பதில்லை.